மஸ்டரில் இல்லாத மூன்று நாட்கள்

என் உத்தியோகத்தில் நான் நடத்திய விசாரணைகள் பதினேழு. மூட்டை குறைந்தது, எடைக்கல் மாறியது, சாக்கு கிழிந்தது, லாரி டிரைவர் குடித்துவிட்டு வாய்க்காலில் இறக்கியது என்று பதினாறு. பதினேழாவது என்று நான் சொல்வது, வருஷ வரிசையில் பார்த்தால் ஆறாவதாக வர வேண்டியது. மற்ற பதினாறும் கோப்போடு முடிந்துபோயின. அது முடியாததால் கடைசியில் வைத்து எண்ணிப் பழகிவிட்டேன். எண்பத்திரண்டு வயதில் தூக்கம் நான்கு மணி நேரம்தான். மீதி நேரத்தில் இந்த மாதிரிக் கணக்குதான் ஓடுகிறது.

எழுபதுகளின் தொடக்கம். தஞ்சாவூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தலைமை அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். சங்கத்துக்குக் கும்பகோணத்துக்குத் தெற்கே பத்து மைலில் ஓர் அரிசி ஆலை இருந்தது. அதன் நெல் காயும் களத்தில் பன்னிரண்டு பெண்கள் தினக்கூலிக்கு வேலை செய்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியிடமிருந்து தபாலில் ஒரு மனு வந்தது. நோட்டுப் புத்தகத் தாளில் ஏழு வரி. களத்து சூப்பர்வைசர் தன்னைத் தொந்தரவு செய்கிறார், விசாரிக்க வேண்டும் என்று இருந்தது. கையெழுத்து, சைக்கிளில் ஊர் ஊராக வரும் செங்கொடிச் சங்கக்காரருடையது. கீழே இருந்த பெருவிரல் ரேகை அவளுடையது. 'தொந்தரவு' என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. வேறு சொல் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

செயலாளர் என்னைக் கூப்பிட்டுத் தாளை மேஜையில் நகர்த்தினார்.

"போயி நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க. செங்கொடிக்காரன் கிளப்பி விடுறது. அந்த சூப்பர்வைசர் ஆளுங்கட்சி வட்டச் செயலாளருக்கு வேண்டிய ஆளு. ஞாபகம் இருக்கட்டும்."

கட்சியை ஞாபகம் வைக்காமல் இருக்க முடியாத காலம் அது. ஆளுங்கட்சிக் கொடி ஒரு தெருவில், செங்கொடி அடுத்த தெருவில். கூலி உயர்வு கேட்டு அறுப்பு நின்றுபோன வயல்கள், குத்தகைக்காரருக்கும் நிலக்காரருக்கும் தாசில்தார் முன்னால் வழக்கு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நான் பத்தொன்பது கேள்விகளைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஆலையில் எனக்கு சூப்பர்வைசரின் அறையைக் கொடுத்தார்கள். அவருடைய மேஜை, அவருடைய நாற்காலி. சுவரில் அவருடைய துண்டு தொங்கியது. வேறு அறை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மின்விசிறி இருந்த அறை அது ஒன்றுதான்.

அவள் உள்ளே வந்து கதவோரம் நின்றாள். முப்பது வயது இருக்கும். முழங்கால் வரை நெல் தூசி. புழுங்கல் நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டால், அது காயும் வரை பெண்கள் பாதத்தை இழுத்து இழுத்து நடந்து நெல்லைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் நாள் முழுவதும் அந்த நடைதான் வேலை.

"உக்காரும்மா."

"இருக்கட்டும் சார்."

மற்ற பெண்கள் என்னை அய்யா என்றோ சாமி என்றோ கூப்பிட்டார்கள். அவள் மட்டும் சார் என்றாள். செங்கொடிச் சங்கம் வந்த தெருக்களில் அப்படி மாறியிருந்தது.

"எத்தனை தடவை நடந்துச்சு?"

"அஞ்சு."

எனக்கு அது பிடித்தது. பொதுவாக இந்த மாதிரிக் கேள்விக்கு 'எப்பப் பாத்தாலும்' என்றுதான் பதில் வரும். அதை எப்படி எழுதுவது?

"என்னென்ன தேதி?"

"தேதி தெரியாது சார். எந்த அவியல்னு சொல்றேன்."

தொட்டியில் ஊறிய நெல்லை ஆவியில் அவித்துக் களத்தில் கொட்டினால் அது ஓர் அவியல். ஆலையில் அதற்கு ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வோர் அவியலுக்கும் ஓர் எண், ஒரு தேதி. அவள் சொல்லச் சொல்ல நான் அந்தப் பதிவேட்டைப் புரட்டினேன்.

"குறுவை நெல்லு வந்த பெறவு மூணாவது அவியல். மேகம் போட்டுச்சு. ரெண்டு தடவை கூட்டிக் குவிச்சு மூடினோம்."

மூன்றாவது அவியலுக்கு எதிரே 'மழை மூட்டம், காயவில்லை' என்று குறிப்பு இருந்தது. இப்படி ஐந்துக்கு ஐந்தும் பொருந்தின. தேதி தெரியாத ஒரு பெண்ணிடம் ஐந்து தேதிகளை வாங்கிவிட்டேன் என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டேன்.

"மொத ரெண்டு தடவை வாயிதான் சார்."

"என்ன சொன்னாரு?"

அவள் சுவரில் தொங்கிய துண்டைப் பார்த்தாள். "அதை எழுதணுமா?"

"எழுதணும்மா."

சொன்னாள். எழுதினேன். ஒன்பது சொற்கள். இங்கே அவற்றை எழுதப் போவதில்லை.

"அடுத்த ரெண்டு தடவை, பதம் பாக்கணும் ஒரு கூடை நெல்லு எடுத்துக்கிட்டு கொட்டடிக்கு வான்னாரு. போனேன். வாசல அடைச்சுக்கிட்டு நின்னாரு. கூடைய நடுவுல புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு விலகிட்டாரு. கடைசித் தடவை கையப் புடிச்சு மூட்டைக்குப் பின்னாடி இழுத்தாரு. கூடையால மூஞ்சில அடிச்சுட்டு ஓடியாந்தேன்."

காய்ந்த நெல்லை உள்ளங்கையில் தேய்த்தும் பல்லில் கடித்தும் பதம் பார்ப்பது சூப்பர்வைசரின் வேலை. அதைக் களத்திலேயே நின்று பார்க்கலாம். மூட்டை அடுக்கி வைக்கும் கொட்டடிக்குள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இதை எழுதி அடிக்கோடு இட்டேன்.

அதன் பிறகுதான் மஸ்டரை எடுத்தேன். மஸ்டர் என்பது தினக்கூலிக்காரர்களின் வருகைப் பதிவேடு. பன்னிரண்டு பெயர்கள். அவளுடையது நான்காவது. ஐந்து தேதிகளுக்கு எதிரே விரலை வைத்துப் பார்த்தேன். வெறும் வார்த்தை நடந்த இரண்டு நாட்களில் 'ஆஜர்' என்று இருந்தது. கொட்டடி நடந்த மூன்று நாட்களிலும் 'இல்லை'.

மறுபடி விரலை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது முறையும்.

விதிப்படி எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். அதைத் தனியாகக் கேட்டிருக்கலாம். நான் அப்போதே சூப்பர்வைசரை உள்ளே கூப்பிட்டேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். அவள் ஒரு மணி நேரமாகச் சொன்ன எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் கேட்டேன்.

"இந்த மூணு நாளும் இந்தம்மா வேலைக்கு வரலைன்னு இருக்கே?"

"வரல சார்." அவர் மஸ்டரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வராத பொம்பளையோட கைய நான் எங்க போயிப் புடிக்கிறது? அவ வீட்டுக்கா போனேன்?"

அவர் சிரித்தார். நானும் உதட்டளவில் சிரித்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை எழுதும்போது பேனா நின்று நின்று வருகிறது.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இந்தப் பொஸ்தகத்த யாரு சார் எழுதுறது?"

"அவருதான்."

"அப்ப அவரையே கேட்டுக்குங்க."

வெளியே போய்விட்டாள். பதினான்காவது கேள்வியோடு விசாரணை நின்றது. 'புகார்தாரர் மேற்கொண்டு பதில் கூற மறுத்தார்' என்று எழுதி, பேனாவை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. ஆலைக்கு எதிரே ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்திருந்தபோது, தோளில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்தாள்.

"விசாரிக்க வந்த சார் நீங்கதானே? நான் அதோட ஓரகத்தி. அது புருஷனோட தம்பி பொண்டாட்டி."

"சொல்லும்மா."

"அந்த மூணு நாளும் அக்கா வந்துச்சு சார். என் பேர்ல வந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். மஸ்டரில் ஏழாவது பெயர் அவளுடையது. தொடர்ந்து ஆறு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அவளுக்குப் பிரசவம். ஒரு மாதத்துக்கு மேல் வர முடியாது. அதனால் ஐந்து நாளைக்கு ஒரு தடவை, மூத்தவள் தன் பெயரை விட்டுவிட்டு இளையவளின் பெயரில் வேலைக்கு நின்றாள். அன்றைக்கு நான்காவது பெயருக்கு எதிரே 'இல்லை', ஏழாவது பெயருக்கு எதிரே 'ஆஜர்'.

இதை அவர்கள் பெரிய தில்லுமுல்லாக நினைத்துச் செய்யவில்லை. எங்கள் பக்கத்து நடவில் வீட்டுக்கு ஓர் ஆள் என்றுதான் கூப்பிடுவார்கள். மாமியாருக்கு முடியாவிட்டால் மருமகள் வருவாள், அவளுக்கு முடியாவிட்டால் அடுத்தவள். வரப்பில் குடையோடு நிற்கிறவர் தலையைத்தான் எண்ணுவார், பெயரைக் கேட்க மாட்டார். சிறு வயதில் என் அப்பாவின் வயலில் நானே அப்படி எண்ணியிருக்கிறேன். வயலிலிருந்து ஆலைக்கு வந்த பெண்கள் அதே வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஆலையில் மட்டும் தலைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டோம்.

"சூப்பர்வைசருக்குத் தெரியுமா?"

"அவருகிட்ட கேட்டுத்தானே சார் நின்னுச்சு. 'சரி சரி, நில்லு'ன்னாராம். பெறவு அந்த நாளாப் பாத்துத்தான் பதம் பாக்கக் கூப்பிட்டிருக்காரு. வெளியில சொன்னா ரெண்டு பேரு பேரும் போயிடும்னு அவருக்குத் தெரியுமில்ல."

பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

அவள் முந்தானையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். கும்பகோணம் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு. ஆண் குழந்தை, எடை, தேதி. நான் என் தாளைப் பார்த்தேன். மூத்தவளின் கையைப் பிடித்த நாள், அந்தப் பிரசவத்துக்கு மறுநாள்.

"பிள்ள பெத்த மறுநாளு நான் களத்துல நெல்லு கெளறிக்கிட்டு இருந்தேன்னு எழுதியிருக்கான் சார். நீங்களும் அதைப் படிச்சுட்டு வந்திருக்கீங்க."

படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஏழாவது பெயருக்கு எதிரே 'ஆஜர்' என்று இருந்ததை என் கண் பார்த்திருக்கும். நான்காவது பெயரை மட்டும் மூன்று முறை எண்ணியவன் நான்.

அதற்குள் மூத்தவள் ரோட்டைக் கடந்து வந்துவிட்டாள்.

"ஏண்டி, ஒனக்கு வாயி சும்மா இருக்காதா?"

"நீ சொல்ல மாட்டேங்கிற. அதான் நான் சொன்னேன்."

"சொன்னா ஒம் பேரு போயிடும்டி."

"போவட்டும்."

"போனா கஞ்சிக்கு என்ன பண்ணுவ? பாலு எதுலேருந்து சுரக்கும், அந்த ஆஸ்பத்திரிச் சீட்டுலேருந்தா?"

"உள்ள வந்து உக்காருங்கம்மா, ரோட்டுல நின்னு எதுக்கு?" என்றார் பாய். இளையவள் உட்கார்ந்தாள். மூத்தவள் நின்றாள்.

நான் விதியைச் சொன்னேன். பெயரைக் கொடுத்தவளையும் நீக்கலாம், அந்தப் பெயரில் நின்றவளையும் நீக்கலாம். சொல்லிவிட்டு, அவர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு யோசனையும் சொன்னேன். அந்த மூன்று நாட்களை விட்டுவிடலாம். மஸ்டரில் ஆஜர் என்று இருக்கிற இரண்டு நாட்களை மட்டும் எழுதலாம். ஐந்தில் இரண்டு நிரூபணமானாலும் நிரூபணம்தான்.

"ரெண்டு போதும் சார்," என்றாள் மூத்தவள் உடனே.

"ரெண்டு நாளு வெறும் பேச்சுதானேக்கா." இளையவள் என் பக்கம் திரும்பினாள். "பேசினதுக்கு என்ன சார் பண்ணுவாங்க?"

"எச்சரிக்கை குடுப்பாங்க."

"அப்படின்னா?"

"இனிமே இப்படிச் செய்யாதீங்கன்னு ஒரு தாளு."

"தாளா." அவள் பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதை மடிச்சு சட்டப் பையில வச்சுக்கிட்டு மறுநாளு காலையில பதம் பாக்கக் கூப்பிடுவான்."

பஸ் வந்துவிட்டது. இளையவள் ஆஸ்பத்திரிச் சீட்டை என் கோப்புக்குள் செருகினாள். மூத்தவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருப்பி எடுக்கவில்லை.

மறுநாள் காலை செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மஸ்டர் என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தினார்.

"மஸ்டரத் தொடாதீங்க. தொட்டா இந்த ஆலையோட நிக்காது, எல்லா ஆலை மஸ்டரும் வெளியில வரும். ஆஜர்னு இருக்கிற ரெண்டு நாளைக்கு மட்டும் எழுதிக் குடுங்க, எச்சரிக்கையோட முடிச்சுடலாம். அந்தப் பொம்பளைங்களுக்கும் வேலை இருக்கும். எல்லாருக்கும் நல்லது."

நான் டீக்கடையில் சொன்ன அதே யோசனை. கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பெண்களின் மேல் இரக்கப்பட்டு நான் கண்டுபிடித்த வழியும், கூட்டுறவுச் சங்கத்தின் பெயரைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழியும் எப்படி ஒரே வழியாக இருந்தன என்பது எனக்கு விளங்கவில்லை. சூப்பர்வைசரைக் கேட்டிருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

இங்கே இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவுசெய்ய ஏற்பாடு வந்தபோது, மூன்று ஏக்கர் வரும் எங்கள் ஒன்பது மா நிலத்தைப் பதினான்கு வருஷமாக உழுதவர் தாசில்தார் அலுவலகத்தில் போய் நின்றார். பயிர் செய்கிறவர் யார் என்று வருஷா வருஷம் எழுதுகிற அடங்கலில் பதினான்கு வருஷமும் என் அப்பாவின் பெயர்தான் இருந்தது. அப்பா, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தோடு பேசி அப்படி எழுத வைத்திருந்தார். எங்கள் நிலத்தை நாங்களே சாகுபடி செய்கிறோம் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அந்த மனுஷன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அரசாங்கப் பதிவேட்டில் இருப்பதைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆலையில் விசாரித்துவிட்டு வந்த அதே வாரம் இரண்டு தாள்கள் எழுதினேன். ஒன்றில் இரண்டு நாட்கள், ஒன்றரைப் பக்கம். மற்றதில் ஐந்து நாட்களும், பெயர் மாற்றி நின்றதும், ஆஸ்பத்திரிச் சீட்டும், எல்லாம் சேர்த்து ஆறு பக்கம். இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆலைக்குள் போகவில்லை. மத்தியானக் கஞ்சிக்கு விட்ட நேரத்தில் பாய் கடைக்கு இரண்டு பெண்களையும் வரச் சொன்னேன். இந்த முறை மூத்தவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு தாள்களையும் படித்துக் காட்டினேன்.

படித்து முடித்ததும் அவள் கேட்டாள்: "ரெண்டுலயும் ரேகை வாங்குவீங்களா சார்?"

"இல்ல. ஒண்ணுலதான். எதுலன்னு நீதான் சொல்லணும்."

"பெரிய தாளுல வச்சா இவ பேரு நிக்க எவ்வளவு வழி இருக்கு?"

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது என்று நினைத்து, "பத்துக்கு மூணு" என்றேன்.

"போயிடும்னு சொல்லுங்களேன் சார். அதுக்கு எதுக்குக் கணக்கு?"

இளையவள் சிரித்தாள். மூத்தவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சின்னத் தாளுல வச்சா?"

"ரெண்டு பேருக்கும் வேலை இருக்கும்."

"அந்த மூணு நாளு?"

"அதுல இருக்காது."

"அப்ப அதெல்லாம் நடக்கலைன்னு நானே ரேகை வச்சுக் குடுத்த மாதிரி ஆயிடும்ல." அவள் என்னிடம் சொல்லவில்லை. தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு இளையவளிடம் திரும்பினாள். "ஏண்டி, நெசமாத்தான் சொல்றியா? பெறவு என்னைத் திட்டக் கூடாது."

"திட்டுவேன்," என்றாள் இளையவள். "வைய்யிக்கா. நேரமாவுது, மணி அடிச்சுடுவான்."

ஆறு பக்கத்திலும் ரேகை வாங்கினேன். இளையவளின் ரேகையைக் கடைசிப் பக்கத்தில். மை காய்வதற்குள் ஆலை மணி அடித்தது. மூத்தவள் புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

அறிக்கையின் முடிவில் நான் ஒரு பரிந்துரை எழுதினேன். மஸ்டரில் கையெழுத்துப் போட்டு உண்மை என்று சான்று சொல்கிறவர் சூப்பர்வைசர். பொய்யான வருகைக்கு அவரே பொறுப்பு. அதை அவர் இந்தப் பெண்ணை மிரட்டப் பயன்படுத்தினார். பெண்களைத் தண்டிக்கக் கூடாது. செயலாளர் அறிக்கையை ஒன்பது நாள் வைத்திருந்தார். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. என் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பதுபோலக் கேட்டார். பத்தாவது நாள் செங்கொடிச் சங்கத்திலிருந்து ஆள் வந்து அறிக்கையைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். பதினோராவது நாள் உத்தரவு போட்டார்கள்.

சூப்பர்வைசருக்கு ஒரு வருஷ ஊதிய உயர்வு நிறுத்தம், சீர்காழிப் பக்கத்துக் கிடங்குக்கு மாற்றம். அங்கே களமும் இல்லை, பெண்களும் இல்லை. மூத்தவள் புகார் கொடுத்தவள் என்பதால் செங்கொடிச் சங்கத்துக்குப் பயந்து அவளை விட்டுவிட்டார்கள். மஸ்டரில் ஏழாவது பெயரை அடித்தார்கள். என் பரிந்துரையில் பாதியை ஏற்றுக்கொண்டதாகச் செயலாளர் சொன்னார். எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த ஆலையின் மாதாந்தரச் சோதனை என் பொறுப்புக்கு வர, அங்கே போனேன். புது சூப்பர்வைசர் வந்திருந்தார். நடுத்தர வயது, குறைவாகப் பேசுகிறவர். ஏழாவது இடத்துக்கு வேறு ஒரு பெயரை எழுதியிருந்தார்கள். களத்தில் பன்னிரண்டு பெண்கள் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன், சரியாக இருந்தது. பிறகு முகங்களைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் இளையவள் நடந்துகொண்டிருந்தாள். மூத்தவளைக் காணவில்லை.

நெல் குவியல் பக்கம் நின்று அவளைக் கூப்பிட்டேன்.

"நீ யாரு பேர்ல நிக்கிற?"

"அக்கா பேர்லதான் சார். ஒரு நாளு அது, ஒரு நாளு நான். கைப்புள்ளய யாராவது பாத்துக்கணும்ல."

"புது சூப்பர்வைசருக்குத் தெரியுமா?"

"தெரியும். கேட்டுத்தான் நிக்கிறோம்."

"இவ்வளவு நடந்தும் திரும்ப அதையே பண்றீங்களே? முன்னாடி இருந்தவன் எதை வச்சு மிரட்டினானோ அதையே இவருகிட்டயும் குடுத்திருக்கீங்க."

"வேற எதைக் குடுக்கிறது சார்? ஒரு பேருதான் மிச்சம்." அவள் நடையை நிறுத்தாமல், என்னைச் சுற்றி நெல்லைக் கிளறிக்கொண்டே பேசினாள். "இவரு நல்லவருதான். நல்லவரா இருக்கிற வரைக்கும் ஒண்ணுமில்ல."

அறைக்குள் போனேன். புது சூப்பர்வைசர் மஸ்டரைத் திறந்து வைத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். நான்காவது பெயருக்கு எதிரே 'ஆஜர்' என்று இருந்தது. அதை அடித்தால் அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரு பெயரும் போய்விடும். நான் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே ஒரு பொய்யான பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது அது இரண்டாவது தடவை. தாசில்தார் அலுவலகத்தில் போட்ட முதல் கையெழுத்தோடு இது கழியுமா, கூடுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன்: "அவசரத்துக்கு நிக்கிறவங்களுக்குன்னு தனியா ஒரு பட்டியல் போடச் சொல்லி எழுதுறேன். அதுல ஒம் பேரு இருந்தா யாரையும் கெஞ்ச வேண்டாம்."

"எப்ப வரும்?"

"தெரியல."

"அதுவரைக்கும்?"

கொஞ்சம் யோசித்து, "மாசத்துக்கு ஒரு தடவை வர்ற எடத்துல ரெண்டு தடவை வர்றேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

பட்டியல் கேட்டு நான்கு கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவதற்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. ஆலைக்கு மாதம் இரண்டு தடவை போனேன். ஒன்று சோதனைக்கு. மற்றொன்று என் சொந்த விடுப்பில், தாராசுரத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு. தங்கை, இப்படி மாதா மாதம் வந்து நிற்கிறானே, வீட்டில் சண்டையோ என்று என் மனைவிக்குக் கடிதமே எழுதிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குக் களத்தில் நிற்பது மூத்தவளோ இளையவளோ, நான் போனதும் நடையைக் கொஞ்சம் ஓரமாக மாற்றிக்கொண்டு, என் பக்கம் வந்து, தலை நிமிராமல் சொல்வாள்: "இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுமில்ல சார்." சொல்லிவிட்டு வரிசையில் சேர்ந்துகொள்வாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் பஸ் ஏறுவேன்.

பதினோரு மாதம், இருபத்திரண்டு தடவை. பிறகு என்னைப் புதுக்கோட்டைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அடுத்து வந்தவரிடம் அந்த ஆலையைப் பற்றிச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் மஸ்டரைச் சொல்ல வேண்டியிருக்கும், மஸ்டரைச் சொன்னால் பெயர் போய்விடும். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தேன். இருபத்து மூன்றாவது தடவை போயிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது.